ஆல்பியனில் முதல் ரெட் ஜோன்: கியரோடு திரும்பி வருவது எப்படி?

ஆல்பியன் ஆன்லைனுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எந்த ஆயுதம் எடுத்தால் மற்ற பிளேயர்களை ஜெயிக்கலாம்?" நேர்மையான பதில், இப்போதைக்கு எதை எடுத்தாலும் தோற்பீர்கள் என்பதுதான். எதிரே வருகிறவர் அதே ஆயுதத்தை இரண்டு மூன்று வருடமாகச் சுழற்றிக்கொண்டிருப்பார். முதல் மாதத்தில் கற்க வேண்டியவை இரண்டு. குறைந்த செலவில் சாவது ஒன்று, சாகாமல் நழுவுவது இன்னொன்று. ஜெயிப்பது பிறகு வரும்.

பெர்லினில் உள்ள சாண்ட்பாக்ஸ் இன்டராக்டிவ் 2017-இல் வெளியிட்ட, பலர் ஒரே உலகில் சேர்ந்து ஆடும் விளையாட்டு இது. 2019 முதல் இலவசம். 2021-இல் போனுக்கும் வந்தது. ஆசிய சர்வர் 2023-இல் சிங்கப்பூரில் தொடங்கியதால், நம் பக்கத்திலிருந்து ஆடுகிறவர்களுக்குப் பிங் (அழுத்தியது சர்வருக்குப் போய் வரும் தாமதம்) பிரச்சினை பெரிதும் குறைந்துவிட்டது. கணக்கு தொடங்கும்போதே ஆசிய சர்வரைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்க சர்வரில் நண்பன் இருக்கிறான் என்று அங்கே போனால், நீங்கள் பொத்தானை அழுத்துவதற்கும் கதாபாத்திரம் அசைவதற்கும் இடையில் எதிரி வேலையை முடித்திருப்பான். ஒரு சர்வரில் சேர்த்ததை இன்னொன்றுக்குக் கொண்டுபோகவும் முடியாது.

முதலில், செத்தால் என்ன போகும்?

ஆள் ஆளை அடிக்கும் எந்த விளையாட்டிலும் இறங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் வார் மோடை (மற்ற பிளேயர்களோடு சண்டைக்கு வழி விடும் முறை) ஆன் செய்துகொண்டு சுற்றி, யாரோ வெட்டிப் போட்டாலும் உங்கள் கவசம் உங்களிடமே இருக்கும். கொஞ்சம் நேரமும் கௌரவமும்தான் நஷ்டம். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பின் வைல்டர்னஸ் என்ற சண்டைப் பகுதியில், நீங்களாக யாரையும் தாக்கித் தலையில் மண்டையோட்டுக் குறி வாங்காத வரை, விலை உயர்ந்த 3 பொருள்கள் தங்கும், மீதி போய்விடும். ஆல்பியன் உலகம் ஆபத்துக்கேற்ப நிறப் பெயர் கொண்ட ஜோன்களாகப் பிரிந்திருக்கிறது; அதன் ரெட், பிளாக் ஜோன்களில் எதுவும் தங்காது. உடம்பில் போட்டிருக்கும் ஆயுதமும் உடுப்பும் (கியர்), பையில் இருப்பது, ஏறிவந்த மவுண்ட் (குதிரை, எருது போன்றவை) எல்லாம் போகும். அதில் ஒரு பகுதி அங்கேயே உடைந்து அழியும்; மிச்சத்தைக் கொன்றவன் அள்ளிக்கொள்வான்.

தப்புவது மூன்று. கணக்கில் இருக்கும் சில்வர் (விளையாட்டுப் பணம்) போகாது. நகரத்து பேங்கில் வைத்தது போகாது. ஏறிய ஃபேமும் (அனுபவப் புள்ளி) டெஸ்டினி போர்டில் (எதையெல்லாம் பயன்படுத்தலாம் என்று காட்டும் திறன் பலகை) திறந்தவையும் போகாது. ஆகவே உங்கள் உண்மையான சொத்து பேங்கிலும் டெஸ்டினி போர்டிலும் இருக்கிறது. உடம்பில் இருப்பது செலவுக் கணக்கு. நகர வாசலைத் தாண்டும்போதே அந்த செட் போய்விட்டதாக எழுதிவிடுங்கள். திரும்பி வந்தால் லாபம்.

ஜோன் நிறங்கள்

ப்ளூ ஜோனில் சாதாரணமாக யாரும் உங்களைத் தொட முடியாது. யெல்லோவில் விரோதக் கொடி ஏற்றியவர்கள் (மற்ற பிளேயர்களைத் தாக்கத் தயார் என்று அறிவித்தவர்கள்) அடிக்கலாம். ஆனால் மயங்கி விழுவீர்களே தவிர சாகமாட்டீர்கள். கியர் கொஞ்சம் தேயும், ரிப்பேர் செலவோடு முடியும். ரெட்டில் கொடி ஏற்றியவன் உங்களைக் கொன்று எல்லாவற்றையும் எடுக்கலாம். அதற்கு அவன் ரெப்யூட்டேஷனை, அதாவது நற்பெயர்ப் புள்ளியை, விலையாகக் கொடுக்கிறான். எத்தனை விரோதிகள் அந்த வரைபடத்தில் இருக்கிறார்கள் என்பதும் திரையில் தெரியும். பிளாக்கில் கொடியும் கிடையாது, ரெப்யூட்டேஷன் இழப்பும் கிடையாது. உங்கள் கில்டோ (நிரந்தரக் குழு) கூட்டணியோ பார்ட்டியோ (அப்போதைக்குச் சேர்ந்த குழு) இல்லாத எவரும் அடிக்கலாம்.

பலர் ரெட் ஜோனைப் பிளாக் ஜோனுக்கான பயிற்சி என்று நினைக்கிறார்கள். என் கணிப்பில் தனியாள் புதியவருக்கு, அதுவும் கேர்லியன் நகரத்தைச் சுற்றியுள்ள ரெட் ஜோன் வழிகளில், ரெட்தான் மோசம். சரக்கு ஏற்றி வருகிறவர்களுக்காகவே குழுக்கள் அங்கே காத்துக் கிடக்கின்றன. பிளாக் ஜோன் பரந்து கிடக்கிறது. ஒதுக்குப்புறமான வரைபடங்களில் நீண்ட நேரம் ஒருவரையும் பார்க்காமல் திரியலாம். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். எங்கே ஆள் நடமாட்டம் அதிகம் என்று பாருங்கள்.

ஃபேக்‌ஷன் கொடியை (ஒரு தரப்பின் பக்கம் சண்டையில் சேர்ந்ததன் அடையாளம்) பற்றி ஒரு எச்சரிக்கை. பரிசுப் புள்ளி கிடைக்கிறதே என்று எதையும் படிக்காமல் அதை ஏற்றிக்கொண்டால், எதிர்த்தரப்புக் கொடி வைத்திருக்கும் எல்லாருக்கும் நீங்கள் இலக்கு ஆகிவிடுவீர்கள். கும்பலோடு போகும்போது ஏற்றுங்கள், தனியாகப் போகும்போது இறக்கி வையுங்கள்.

ஒரே செட்டை ஐந்தாக வாங்குங்கள்

புதியவர் செய்வது இது: கையில் இருந்த சில்வரையெல்லாம் கொட்டி 6ஆம் டியரில் (தரப் படியில்) பளபளவென்று ஒரு செட் வாங்குவார். அது போனதும் விளையாட்டையே அன்இன்ஸ்டால் செய்துவிடுவார். இதைத் தவிர்க்க வழி எளிது. 4ஆம் டியரில், கட்டுப்படியானால் 4.1-இல் (ஒரு படி என்சான்ட் செய்து, அதாவது மெருகேற்றிப் பலம் கூட்டியது), ஒரே மாதிரி ஐந்து செட் வாங்கி பேங்கில் அடுக்கிவிடுங்கள். இறந்தால் அடுத்ததை மாட்டிக்கொண்டு கிளம்பலாம். யோசிக்க ஒன்றும் இல்லை, அழவும் ஒன்றும் இல்லை.

விலை உயர்ந்த கியர் இப்போதைக்கு உங்களுக்கு முழுப் பலனும் தராது. ஆல்பியனில் ஒரு பொருளின் பலம் ஐட்டம் பவர் என்ற எண்ணில் இருக்கிறது. அது டியரால் மட்டும் ஏறுவதில்லை; அந்த ஆயுதத்தை நீங்கள் எவ்வளவு பழகியிருக்கிறீர்கள் என்ற ஸ்பெக்காலும் ஏறுகிறது. ஆகவே ஒரே ஆயுதத்தைப் பிடித்துக்கொண்டு பழகுவதே மலிவான வழி. வாரம் ஒரு பில்ட் (ஆயுதமும் உடுப்பும் சேர்ந்த தொகுப்பு) மாற்றினால் ஸ்பெக்கும் ஏறாது, கையும் பழகாது.

எந்த ஆயுதம்? தனியாளாகத் திரியப்போகிறவருக்குப் பாய்ச்சல் உள்ள ஆயுதமே நல்லது. பிளட்லெட்டர் என்ற கத்தி இதற்காகவே பெயர் எடுத்தது. அதன் ஈ பொத்தான் உங்களை முன்னே பாய வைக்கும். எதிரியின் உயிர் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடியும் பலமாக விழும். துரத்தவும் உதவும், ஓடவும் உதவும். இரட்டை முனைக் கோலான டபுள் பிளேடட் ஸ்டாஃபும் இதே காரணத்துக்காக மூலப்பொருள் சேகரிப்பவர்களுக்குப் பிடித்தது. நெருப்புக் கோலும் வில்லும் பார்க்க அழகுதான். ஆனால் கண் மூடித் திறப்பதற்குள் ஒருவன் மேலே விழுந்துவிட்டால், ஓடும் வழி தெரியாத புதியவர் நின்ற இடத்திலேயே முடிந்துபோவார்.

மீதி உடுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: இதில் என்னைக் காப்பாற்றுவது எது? ஆயுதத்துக்கு க்யூ, டபிள்யூ, ஈ, மார்புக் கவசத்துக்கு ஆர், தலைக்கு டி, காலணிக்கு எஃப். மொத்தமே ஆறு பொத்தான்கள்தான். அதில் குறைந்தது இரண்டாவது தப்பிப்பதற்கு இருக்க வேண்டும். அசாசின் ஜாக்கெட் உங்களைக் கொஞ்ச நேரம் மறைய வைக்கும். மெர்சினரி ஜாக்கெட் போட்டால் நீங்கள் அடிக்கும் அடியே உங்கள் உயிரை ஏற்றும். கிளெரிக் கவுல் பனிக்கட்டிக்குள் வைத்துப் பூட்டும்: அசைய முடியாது, ஆனால் அடியும் விழாது. காலணியில் கண்ணை மூடிக்கொண்டு வேகமாக ஓடும் திறனை எடுங்கள். பிடிகளிலிருந்து விடுவிக்கும் ஃபோர்ட் ஸ்டெர்லிங் கேப் கட்டுப்படியானால் அதையும் போடலாம்.

போஷனும் சாப்பாடும் இல்லாமல் வெளியே போகாதீர்கள். ஹீலிங் போஷன் ஒன்று, மொத்த உயிரைக் கூட்டும் சாண்ட்விச் ஒன்று. மார்க்கெட்டில் இரண்டும் மலிவு. செட்டோடு செட்டாக இவற்றையும் எடுத்து வையுங்கள்; இல்லாவிட்டால் மூன்றாவது சாவில் "போஷன் எடுக்க மறந்துட்டேன்" என்று சொல்லப்போவது உறுதி.

வழியில்தான் பெரும்பாலோர் சாகிறார்கள்

புது ஜோனுக்குள் நுழைந்ததும் உங்களைச் சுற்றி ஒரு பாதுகாப்புக் குமிழி இருக்கும். அதற்குள் நிற்கும்வரை யாரும் அடிக்க முடியாது. அது வெகுநேரம் இருக்காது, ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரம் போதும்: சுற்றிப் பாருங்கள், விரோதி எண்ணிக்கையைப் பாருங்கள். வாசலில் நான்கைந்து பேர் மவுண்டில் சும்மா நின்றுகொண்டிருந்தால் அவர்கள் வானிலை பேச வரவில்லை. வந்த வழியே திரும்பிவிடுங்கள். இரண்டு நிமிடம் கழித்து வாருங்கள், அல்லது வேறு வாசல் வழியாகப் போங்கள்.

மவுண்டுக்கும் தனி உயிர் உண்டு. துரத்துகிறவர்கள் முதலில் அதைத்தான் காலி செய்வார்கள். அது தீர்ந்தால் நீங்கள் தரையில் நிற்பீர்கள். அதனால் வாசலிலிருந்து வாசலுக்கு நேர்கோட்டில் போகாமல் ஓரமாக வளைந்து போங்கள். வேட்டைக்காரர்கள் நடுப்பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பை எடை தாண்டினால் வேகம் விழும் என்பதால், பை நிறையும்வரை தாது வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பாதி நிறைந்ததும் நகரத்துக்கு வந்து கொட்டிவிடுங்கள். எருதில் சரக்கு ஏற்றி ரெட் ஜோன் வழியே தனியாகப் போகும் வேலை உங்களுக்கு இப்போது வேண்டாம்.

அதிகம் பேர் சொல்லித்தராத ஒன்று: இறங்கி வேலை செய்யும்போது மவுண்டை விட்டுத் தூரம் போகாதீர்கள். பக்கத்தில் இருந்தால் சட்டென்று ஏறிவிடலாம். தள்ளிப் போய்விட்டால் திரும்ப அழைக்கச் சில விநாடிகள் ஆகும். அந்த நேரத்தில் ஒரு அடி விழுந்தாலும் அழைப்பு அறுந்துவிடும். மரம் வெட்டினாலும் கல் உடைத்தாலும் குதிரையைப் பக்கத்திலேயே நிறுத்துங்கள்.

இன்னொன்று, மான்ஸ்டரோடு சண்டை போடும்போது உங்கள் உயிரைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பிளேயர்கள் வந்து பாய்வது அந்த நேரம் பார்த்துத்தான். நீங்கள் எல்லாப் பொத்தானையும் மான்ஸ்டர் மேல் கொட்டி, உயிரும் குறைந்து நிற்கும் கணம் அவர்களுக்குத் தெரியும். அதற்காகவே திரையின் விளிம்புக்கு வெளியே காத்திருப்பவர்கள் உண்டு.

ஆள் வந்துவிட்டான்

திரையில் ஒருவன் தெரிந்ததும் முதல் இரண்டு விநாடியில் முடிவெடுங்கள். போவதா, நிற்பதா. மோசமான முடிவு எது என்றால், முடிவெடுக்காமல் அரை மனதாக இரண்டு அடி அடித்துவிட்டு உயிர் 30 சதவீதம் ஆனபின் ஓட ஆரம்பிப்பது. அதற்குள் தப்பிக்கும் பொத்தான்கள் செலவாகியிருக்கும்.

ஒருவருக்கு மேல் இருந்தால் போய்விடுங்கள், யோசனையே வேண்டாம். ஒருவன்தான், ஆனால் அவன் முதலில் உங்களைப் பார்த்துத் தேடி வருகிறான் என்றாலும் போவதே மேல். அவன் இந்தச் சண்டைக்கென்றே பில்ட் போட்டு வந்திருக்கிறான். நீங்கள் தாது வெட்ட வந்திருக்கிறீர்கள். நின்று அடிக்கலாம் என்பதற்குச் சரியான சூழல், அவன் மான்ஸ்டரிடம் அடி வாங்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் முதலில் பார்ப்பதுதான். ஆம், மேலே சொன்ன அதே அயோக்கியத்தனம். ஆல்பியனில் அது சாதாரணத் திங்கட்கிழமை வேலை.

ஓடுவது என்றால் எங்கே? அருகில் உள்ள ஜோன் வாசலை நோக்கி. பயத்தில் வரைபடத்தின் மூலைக்கு ஓடி முட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம். ஒவ்வொரு ஜோனிலும் வேலை ஆரம்பிக்கும் முன்பே வாசல் எந்தத் திசை என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். லாக்அவுட் அடித்துத் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். கதாபாத்திரம் உடனே மறையாது, அடி வாங்கிக்கொண்டே அங்கே நிற்கும். நெட் அறுந்தாலும் இதே கதிதான். மொபைல் டேட்டாவில் சிக்னல் ஆடும் நேரத்தில் ரெட் பக்கம் போகாதீர்கள்.

சண்டை நடக்கும்போது

சண்டை என்பது கூல்டவுன் (ஒரு திறனை மறுபடி பயன்படுத்தக் காத்திருக்கும் நேரம்) கணக்கு. அவனிடம் பெரிய அடி ஒன்று இருக்கும், பெரும்பாலும் ஆயுதத்தின் ஈ. உங்களிடம் அதைத் தாங்கவோ தவிர்க்கவோ ஒன்று இருக்கிறது. அவனுடையது செலவாகி உங்களுடையது கையில் இருந்தால் அடுத்த சில விநாடிகள் உங்களுடையவை. தலைகீழாக இருந்தால் அவனுடையவை. அனுபவசாலிகள் செய்வதெல்லாம் இந்தக் கணக்கைத் தலைக்குள் ஓட்டிக்கொண்டிருப்பதுதான்.

எனவே அடி விழுந்த பதற்றத்தில் ஆர், டி, எஃப் மூன்றையும் ஒரே மூச்சில் அமுக்காதீர்கள். எல்லாப் புதியவரும் இப்படித்தான் சாகிறார்கள். முதல் பெரிய அடிக்கு ஒன்று, இரண்டாவதற்கு ஒன்று. எஃப் கடைசிவரை பையில் இருக்கட்டும். ஓட்டம் தொடங்கும்போது அது இல்லையென்றால் ஓட்டமே இல்லை. மறைய வைக்கும் ஜாக்கெட்டையும் உயிர் பாதி இருக்கும்போதே பயன்படுத்துங்கள். 10 சதவீதத்தில் மறைந்தால், எங்கோ குத்துமதிப்பாக அவன் வீசும் ஒரு அடியே போதும்.

எதிரியின் மேல் தட்டி அவன் போட்டிருக்கும் கியரைப் பார்க்கப் பழகுங்கள். ஆயுதத்தைப் பார்த்தாலே அவன் என்ன செய்வான் என்பது பாதி தெரிந்துவிடும். அருகில் வந்து அடிக்கும் ஆயுதம் என்றால் இடைவெளி விட்டு, பின்வாங்கிக்கொண்டே அடியுங்கள். இதைத்தான் கைட் செய்வது என்பார்கள். தூரத்திலிருந்து அடிப்பவன் என்றால் பின்வாங்கினால் அவனுக்குக் கொண்டாட்டம். ஒன்று, ஒட்டிக்கொண்டு அவனுக்கு மூச்சு விடாமல் அடிக்க வேண்டும். இல்லையென்றால் திரையை விட்டே வெளியேற வேண்டும். மேலிருந்து பார்க்கும் விளையாட்டு என்பதால் பார்வை எல்லை சின்னது. ஒரு திரை அளவு விலகினாலே உங்களைத் தொலைத்துவிடுவார்கள்.

உங்களை நிறுத்தும் திறன்கள் மூன்று வகை என்று பிரித்துப் பாருங்கள். ஸ்டன் பிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. ரூட் பிடித்தால் நகர முடியாது, ஆனால் பொத்தான் வேலை செய்யும். சைலன்ஸில் பொத்தான் வேலை செய்யாது, ஆனால் கால் நகரும். சைலன்ஸில் இருக்கும்போது எஃப்பைப் பத்து முறை அமுக்கிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நடந்தாலே பாதி தூரம் போயிருப்பார்கள்.

இன்னொரு தந்திரம், ஓடும் வழியில் மான்ஸ்டர் கூட்டம் இருந்தால் அதன் ஓரமாக ஓடுங்கள். துரத்துகிறவனும் உள்ளே வந்தாக வேண்டும். சில மான்ஸ்டர்கள் அவன் பக்கம் திரும்பும். உங்கள் கியர் 4ஆம் டியர் என்று அவனுக்கும் தெரியும். இதற்காக இவ்வளவு பாடா என்று அவன் விட்டுவிடும் வாய்ப்பு அதிகம். மலிவான செட்டின் ரகசியப் பலன் இது.

எதையும் இழக்காமல் எங்கே பழகுவது?

நகரங்களில் அரீனா மாஸ்டரைப் பார்த்தால் 5 பேருக்கு 5 பேர் ஆடும் அரீனாவில் சேரலாம். அங்கே செத்தாலும் கியர் போகாது. குழுச் சண்டையில் யாரை முதலில் அடிப்பது, எப்போது பின்வாங்குவது என்பதற்கு நல்ல இடம். ஒருவருக்கு ஒருவர் பழக கரப்டட் டஞ்சன் என்ற நிலவறையின் ஹண்டர் நிலை இருக்கிறது. அங்கே தோற்றாலும் மயங்கித்தான் விழுவீர்கள். மிஸ்ட்ஸ் என்ற மூடுபனிப் பகுதிகளிலும் சாவில்லாத வகை உண்டு. தனியாகப் போகிறவருக்கு ரெட் ஜோனின் பதற்றம் எப்படி இருக்கும் என்று அது காட்டிக்கொடுக்கும். இவற்றில் கை பழகும்வரை தினமும் சில ஆட்டங்கள் ஆடிவிட்டு, அதே ஆயுதத்தோடு ரெட்டுக்குப் போங்கள். வேறு ஆயுதத்தில் பழகிவிட்டுப் போனால் பழகியது வீண்.

செத்த பிறகு

சாட்டில் திட்டாதீர்கள். கொன்றவனிடம் "என்னிடம் எதைப் பார்த்து வந்தாய், நான் எதைத் தவறவிட்டேன்?" என்று கேட்டுப் பாருங்கள். ஆச்சரியமாக, பலர் பொறுமையாகச் சொல்கிறார்கள். சிலர் "ஈஸி" என்று போட்டுவிட்டுப் போவார்கள். அவர்களை பிளாக் செய்தால் போதும்.

ஆல்பியனின் கில்போர்டில் ஒவ்வொரு சாவும் பதிவாகிறது. கொன்றவர் என்ன போட்டிருந்தார் என்று தலை முதல் கால் வரை அங்கே தெரியும். அதே மாதிரி பில்டிடம் இரண்டு முறை செத்திருந்தால், அதை 4ஆம் டியரில் வாங்கி அரீனாவில் நீங்களே ஆடிப் பாருங்கள். அதன் கூல்டவுன் கையில் தெரிந்துவிட்டால், எதிரே வரும்போது எந்தக் கணத்தில் பாய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கில்ட், அந்நியர், "உதவி"

கில்டில் சேருவது மேலே சொன்ன எதைவிடவும் உதவும். ரீகியர் தரும் கில்டாக இருந்தால், கில்ட் சண்டையில் போன செட்டுக்கு ஈடு கிடைக்கும். சேரும் முன் அவர்கள் எந்த நேரத்தில் ஆடுகிறார்கள் என்று கேளுங்கள்; இரவு இரண்டு மணிக்குக் கூட்டம் போடும் கில்டில் சேர்ந்து, காலையில் வேலைக்குப் போகிறவர் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் நகரத்தில் வலிய வந்து பேசும் அந்நியர் விஷயத்தில் கவனம். "புதுசா? வா, நல்ல இடம் காட்டறேன், உன்கிட்ட இருக்கிற பெஸ்ட் கியர் போட்டுட்டு வா" என்று அழைத்துப்போய் ரெட் ஜோனில் வெட்டுவது பழைய வித்தை. கில்டில் சேர டெபாசிட் கேட்பவர், உங்கள் கியரை "என்சான்ட் பண்ணித் தர்றேன்" என்று வாங்குபவர், டிரேட் திரையில் கடைசி நொடியில் பொருளை மாற்றுபவர் எல்லாரும் அதே ரகம். டிரேடை ஒப்புக்கொள்ளும் முன் டியரையும் எண்ணிக்கையையும் மறுபடி படியுங்கள். யாராவது அழைத்தால் 4ஆம் டியர் செட்டிலேயே போங்கள். உண்மையான கில்ட் அதற்காக உங்களைத் திருப்பி அனுப்பாது.